சாயம் ஏறவில்லை என்றார்: டிபி மாத்திரையும் ஒரு லேப் டெக்னீஷியனின் கண்ணும் - நிகழ்வு ஆய்வு

கழுத்தில் நெறி கட்டியதற்காக டிபி மாத்திரை சாப்பிட்டுவந்த லேப் டெக்னீஷியன் ஒருவருக்கு, ஐந்தாவது மாதத்தில் சளி ஸ்லைடில் இருந்த டிபி கிருமி கண்ணுக்குத் தெரியாமல் போனது. இந்த ஆய்வு அதைப் பற்றியது. அவர் வேலை பார்ப்பது வடசென்னையில், ராயபுரம் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை லேபில். அந்த லேபுக்குப் பொறுப்பான நுண்ணுயிரியல் மருத்துவர் நான். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 36. டிஎம்எல்டி என்ற லேப் டிப்ளமோ படித்துவிட்டு 13 வருடமாக இதே வேலை. கொருக்குப்பேட்டையில் வீடு. கணவர் துறைமுகத்துக்கு லோடு வண்டி ஓட்டுகிறார், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். எங்கள் லேபில் சளி ஸ்லைடு படிப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் பகுதியை வட்டம் என்போம், நூறு வட்டத்தில் மூன்றே மூன்று கிருமி இருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவார். புதிதாகச் சேரும் பசங்களை நான் அவரிடம்தான் உட்கார வைப்பேன்.

நோயும் சிகிச்சையும்

டிசம்பர் கடைசியில் கழுத்தின் வலப்பக்கம் கட்டி. ஊசியால் உறிஞ்சி எடுத்த மாதிரியில் காசநோய் உறுதியானது. மரபணுச் சோதனையில், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமி என்று வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஜனவரி முதல் வாரம் மாத்திரை தொடங்கியது.

இப்போது தேசியக் காசநோய்த் திட்டத்தில் தினசரி மாத்திரைதான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கும்: ரிஃபாம்பிசின் 150, ஐசோனியசிட் 75, பைரசினமைடு 400, எத்தாம்புடால் 275 மில்லிகிராம். அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு மட்டும் போய்விடும், மற்ற மூன்றும் தொடரும். வாரம் மூன்று நாள் மாத்திரை கொடுத்த பழைய முறையில், புதிய நோயாளிக்கு எத்தாம்புடால் இரண்டு மாதத்தோடு நின்றுவிடும். இப்போது ஆறு மாதமும் சாப்பிட வேண்டும். இந்த நிகழ்வுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். இவருடைய எடை 56 கிலோ, ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை. அதாவது எத்தாம்புடால் 1100 மில்லிகிராம், கிலோவுக்கு 20க்குக் கொஞ்சம் குறைவு. அளவில் தவறு இல்லை. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்தது, சர்க்கரை இல்லை.

பத்து நாள் லீவு முடிந்து வரும்போது சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிவந்தார். 'தொற்றும் வகை அல்ல, வேலைக்குத் தகுதியானவர்' என்று இரண்டே வரி. ஒவ்வொரு சொல்லும் உண்மை. கழுத்து நெறியில் உள்ள டிபி அடுத்தவருக்கு ஒட்டாது. அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தவள் நான். எந்த வேலைக்குத் தகுதி என்று நானும் கேட்கவில்லை. நாள் முழுக்கச் சிவப்பையும் நீலத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் சாப்பிடும் எத்தாம்புடாலோ சிவப்பைப் பிரித்துப் பார்க்கும் திறனைக் கெடுக்கக்கூடிய மருந்து. இந்த இரண்டு தகவலும் ஒரே ஃபைலில்தான் இருந்தன.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் என் அறைக்கு வந்தார். "மேடம், இந்தத் தடவ வந்த கார்பால் ஃபியூக்சின் சரியில்ல. சாயமே ஏற மாட்டேங்குது" என்றார். டிபி கிருமியைச் சிவப்பாக்கும் சாயம் அது. பாட்டிலை மாற்றினோம். அடுத்த வாரம் ஸ்லைடை இன்னும் கொஞ்ச நேரம் சூடு காட்டிப் பார்த்தார். அப்புறம் மைக்ரோஸ்கோப் பல்பு மங்கிவிட்டது என்று அதையும் மாற்றச் சொன்னார், மாற்றினோம். ஒரு நல்ல டெக்னீஷியன் என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தார். சாயத்தில் குறை இருந்தால் சாயத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும், கிருமி இருப்பது உறுதியான கட்டுப்பாட்டு ஸ்லைடும் வெளுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் விட்டுவிட்டேன்.

மே மாதத்தில் இன்னொன்று நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது பிறகுதான். சிறுநீர் ஸ்ட்ரிப்பைப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா, அந்த நேரத்தில் ஜூனியர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இது எந்தக் கட்டத்துக்கு வருது, சொல்லு பாப்போம்" என்று கேட்பாராம். பையன் சொன்னதை எழுதிக்கொள்வாராம். "அக்கா எனக்குக் கத்துக்குடுக்குறாங்கன்னுதான் மேடம் நெனச்சேன்" என்றான் அவன். ஒரு தடவை ஊதா மூடி ட்யூபும் வெளிர்நீல மூடி ட்யூபும் மாறிப்போய் ரத்தத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. கூட்டம் அதிகமான திங்கள்கிழமை என்று அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டிலும் அறிகுறி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்குபவர் அவர். செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்க்காமல் வடசென்னையில் யாரும் மீன் வாங்குவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. "எந்த மீனத் தூக்குனாலும் செவுளு சாம்பலா இருந்துச்சு மேடம். தடக்காலம், எல்லாம் ஐஸ் மீன்னு நெனச்சுக்கினேன்" என்றார். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வேறு காரணம் கையிலேயே இருந்தது: சாயம், பல்பு, கூட்டம், தடைக்காலம், மே மாத வெயில்.

மாத்திரை கொடுத்த இடத்தில் அவருக்குச் சொல்லாமல் இல்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீங்க. பார்வை மங்கினா உடனே வந்து சொல்லுங்க. இதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவரும் மங்குகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மங்கவில்லை. பஸ் நம்பர் தெரிந்தது, செல்போன் எழுத்து தெரிந்தது. நிறம் போவதை மங்குவது என்று யாரும் நினைப்பதில்லை.

கண்டுபிடித்த நாள்

மாதம் ஒரு முறை, பாசிட்டிவ் ஸ்லைடுகள் எல்லாவற்றையும் நெகட்டிவ் ஸ்லைடுகளில் கொஞ்சத்தையும் நான் திரும்பப் படிப்பது வழக்கம். ஜூன் முதல் வாரம் அப்படிப் படித்தபோது, அவர் நெகட்டிவ் என்று எழுதிய ஒன்றில் நூறு வட்டத்தில் ஆறு கிருமி இருந்தது. பத்துக்குக் குறைவாக இருக்கும் ஸ்லைடு யாருக்கும் தவறும். அதனால் கோபம் ஒன்றும் இல்லை. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு கிருமியைச் சரியாகப் பாயிண்டரின் முனைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். நுண் திருகை முன்னும் பின்னும் உருட்டினார். "பாயிண்டர் முனையிலதான மேடம்? நீலமாத்தான இருக்குது."

சீல்-நீல்சன் முறையில் கார்பால் ஃபியூக்சின் கிருமிக்குள் சிவப்பாக ஏறும், அமிலத்தில் கழுவினாலும் போகாது. மற்றதெல்லாம் மெத்திலீன் புளூவில் நீலமாகிவிடும். நீல வயலில் சிவப்பு நூல்துண்டு போலக் கிடக்கும். அந்தச் சிவப்பு அவருக்கு இல்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கொஞ்சம் கழித்துக் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே, "மாத்திரையா இருக்குமா மேடம்?" என்று கேட்டார்.

பக்கத்து அறையில், வேலைக்குச் சேர்பவர்களின் நிறப்பார்வையைப் பரிசோதிப்பதற்கான இஷிஹாரா புத்தகம் இருந்தது. வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். முதல் பக்கம் 12. அது எல்லோருக்கும் தெரியும்படி வைத்த பக்கம், படித்துவிட்டார். அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தோம், இடக்கண் இன்னும் மோசம். அவர் சேர்ந்தபோது எல்லாப் பக்கமும் படித்ததாகப் பழைய ஃபைலில் இருந்தது. பிறவியில் வரும் நிறக்குருடு பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது, இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும், மாறாது. இது நடுவில் வந்தது. 13 வருடத்துக்கு முன் யாரோ கடமைக்குச் செய்துவைத்த ஒரு சோதனை அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு உதவியது.

சிகிச்சை மருத்துவரிடம் உடனே பேசினோம். எத்தாம்புடால் அன்றே நின்றது. ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிடையும் தனித்தனி மாத்திரையாகக் கொடுத்து மீதி நாட்களை முடிக்க முடிவானது. மறுநாள் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819இல் தொடங்கிய மருத்துவமனை அது, உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பார்வை வலக்கண் 6/9, இடக்கண் 6/12 (6/6 இருந்தால் இயல்பு). பார்வைப் புலச் சோதனையில் இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு மங்கல் புள்ளி. விழித்திரை பார்ப்பதற்கு இயல்பாக இருந்தது. எத்தாம்புடால் பாதிப்பில் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இஷிஹாரா புத்தகம் 1917இல் பிறவிச் சிவப்பு-பச்சைக் குறைக்காக உருவானது, நீல-மஞ்சள் குறையை அது பிடிக்காது. எத்தாம்புடாலில் சிலருக்கு நீல-மஞ்சள்தான் முதலில் போகும். அதனால் அங்கே வண்ண மூடிகளை வரிசையாக அடுக்கும் சோதனையும் செய்தார்கள். அதிலும் குழப்பம் இருந்தது. ஊதா மூடிக்கும் வெளிர்நீல மூடிக்கும் ஏன் தடுமாறினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மருந்து என்ன செய்கிறது

எத்தாம்புடால் உடம்பில் உள்ள செம்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அந்த உலோகங்கள் வேண்டும். ஆற்றல் அதிகம் தேவைப்படுவது, விழித்திரையின் நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் மெல்லிய நரம்பிழைகளுக்கு. நிறமும் நுணுக்கமும் அவற்றின் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. முதல் அடி அவற்றுக்கு விழும். ஓரப் பார்வை அப்படியே இருப்பதால் நடப்பதிலும் படி ஏறுவதிலும் மாற்றம் தெரியாது. பெரும்பாலும் மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் வரும். அளவு கூடக்கூட ஆபத்து கூடும். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிட்னி சரியில்லாதவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். வழக்கமான அளவில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் கண்ணில் ஏதாவது தெரியவரும், நிரந்தரமாகப் பாதிக்கப்படுபவர்கள் அதிலும் மிகச் சிலர். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டிபியைப் பாதியில் விடுவது கண்ணை மட்டுமல்ல, உயிரையே கேட்கும். நிறத்தில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், நிறுத்துவதை அவர் முடிவு செய்வார்.

எந்த வேலைக்குத் தகுதி

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் படுக்க வைத்துக் கொடுத்த சிகிச்சையையும் வீட்டிலேயே கொடுத்த சிகிச்சையையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை எதிலும் குறைந்ததல்ல என்று 1959இல் நிரூபித்தது. டிபி வந்தவர் வேலைக்குப் போகலாம், குடும்பத்தோடு இருக்கலாம் என்று உலகம் ஒத்துக்கொண்டதில் நம் ஊர் ஏழை நோயாளிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனாலோ என்னவோ, டிபியையும் வேலையையும் சேர்த்து யோசிக்கும்போது ஒட்டுமா ஒட்டாதா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். கிருமிக்கு மட்டும் சர்டிபிகேட், மருந்துக்குக் கிடையாது.

மருந்துக்கும் கேட்டால், பதில் வேலைக்கு வேலை மாறும். இதே எத்தாம்புடாலை பில்லிங்கில் உட்காரும் ஒருவர் சாப்பிட்டிருந்தால் வேலைக்குப் பெரிய குந்தகம் இல்லை. ஐசோனியசிடில் விரல் நுனி மரத்தால் ஆசிரியருக்குத் தொல்லை, நரம்பு தடவி ஊசி போடும் நர்ஸுக்கோ அது வேலையையே கெடுக்கும். அமிகாசின் ஊசியில் முதலில் போவது உச்ச சுருதி ஒலி, ஐசியூவில் மானிட்டர் அலாரம் கேட்க வேண்டியவருக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு ராத்திரி, தூக்கம் வரவைக்கும் அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவரை நைட் ட்யூட்டியில் போட்டால் மாத்திரையை எப்போது சாப்பிடுவார்? ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் வாங்கும் குளோர்ஃபெனிரமின் மாத்திரையிலும் கை தடுமாறும் அளவுக்குத் தூக்கம் உண்டு. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மதியச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். இதையெல்லாம் நாங்கள் நோயாளிகளிடம் நாள்தோறும் சொல்கிறோம், சக ஊழியரிடம் கேட்பதில்லை.

இவருடைய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தோம். சளி ஸ்லைடு, மற்ற பாக்டீரியாவைச் சாயமேற்றிப் பார்க்கும் கிராம் ஸ்லைடு, சிறுநீர் ஸ்ட்ரிப், கோடு விழும் ரேபிட் கார்டு ஆகியவை கூடாது. ரத்தம் எடுப்பது கூடும், ஆனால் மூடி நிறத்தை நம்பாமல் ட்யூபில் அச்சிட்ட பெயரைப் படித்து எடுக்க வேண்டும். உயிர்வேதியியல் மெஷின் எண்ணாகத்தான் ரிசல்ட் கொடுக்கும், அது கூடும். பிறகுதான் குப்பைத் தொட்டி ஞாபகம் வந்தது. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். ஊசியையும் கையுறையையும் எதில் போடுவது என்பதுகூட நிறம்தான். தொட்டிகள் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். அது மற்றவர்களுக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. ஸ்கூட்டரைக் கொஞ்ச நாள் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். எம்.சி. ரோடு நெரிசலில் நடுப்புள்ளி தெரியாமல் வண்டி ஓட்டுவது விளையாட்டில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்.

நிர்வாகத்தில் முதலில் வந்த பதில், சரியாகும் வரை சம்பளமில்லா லீவு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. அது அரசு நிறுவனங்களுக்குச் சொன்னது. தனியார் மருத்துவமனையில் அதை எடுத்துக்காட்டாகத்தான் வைக்க முடிந்தது. வேறொரு வழியும் இருந்தது. அவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்கான பட்டியலில் காசநோய் இருக்கிறது, தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். 13 வருடமாக மாதாமாதம் பிடித்தம் போகிறது, இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த வாரம்தான் தெரிந்தது. கடைசியில் லீவு தேவைப்படவில்லை. அதே சம்பளத்தில் மெஷின் பக்கம் மாற்றச் சம்மதித்தார்கள்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். மே கடைசியிலேயே சந்தேகம் வந்துவிட்டது என்றார். ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். "டிபின்னு தெரிஞ்சே வச்சுக்கினு இருக்கீங்க. கண்ணும் போச்சுன்னா யாரு மேடம் வச்சுப்பாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில், தானாக வந்து சொல்வார்கள் என்று நம்பி ஒரு லேபை நடத்த முடியாது.

நோயாளிகள்

இதை எழுதாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. மார்ச் தொடக்கத்திலிருந்து அவர் நெகட்டிவ் என்று கொடுத்த, பெட்டியில் இருந்த எல்லா ஸ்லைடையும் நானும் இன்னொரு மருத்துவரும் திரும்பப் படித்தோம். மூன்றில் கிருமி இருந்தது, மூன்றும் நூறு வட்டத்தில் பத்துக்குக் குறைவு. இரண்டு பேருக்கு மரபணுச் சோதனையில் ஏற்கெனவே பிடிபட்டுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மூன்றாமவர் வியாசர்பாடிக்காரர், பெயின்ட் வேலை செய்பவர். நெகட்டிவ் என்று போனவர், ஆறு வாரமாக இருமிக்கொண்டிருந்தார். போன் செய்து கூப்பிட்டு, தவறு எங்களுடையது என்று சொல்லி, அன்றே மாதிரி எடுத்து மாத்திரை தொடங்க வைத்தோம். வீட்டில் இருந்த ஐந்து பேரையும் பரிசோதித்தார்கள். பாதிப்பு விவரத்தை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தில் எழுதி அனுப்பினோம். 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம், நோயாளியே நேரடியாகச் சொல்லலாம்.

இப்போதைய நிலை

ஜூலையில் டிபி சிகிச்சை முடிந்தது, கட்டி கரைந்துவிட்டது. ஆகஸ்டில் வலக்கண்ணில் சிவப்பு திரும்பத் தொடங்கியது. செப்டம்பர் பரிசோதனையில் வலக்கண் 6/6, இஷிஹாராவில் இரண்டு பக்கம் தவிர எல்லாம் படித்தார். இடக்கண் 6/9, பாதிப் பக்கங்கள்தான். அந்தக் கண் முழுதாகத் திரும்புமா என்று கண் மருத்துவர் உறுதி சொல்லவில்லை, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஸ்லைடுக்குத் திரும்ப ஆசைப்படுகிறார். விடை மறைத்த இருபது ஸ்லைடு கொடுத்தேன். பத்தொன்பது சரி, ஒன்றில் எண்ணிக்கை குறைவு. தனியாக ரிப்போர்ட் கொடுக்க நான் இன்னும் அனுமதிக்கவில்லை. புதன்கிழமைகளில் அவரும் அந்த ஜூனியர் பையனும் ஒரே ஸ்லைடைத் தனித்தனியாகப் படித்து எழுதித் தருகிறார்கள், மூன்றாவதாக நான் பார்க்கிறேன். ஜனவரியில் எழும்பூரில் அடுத்த சோதனை. லேபில் மற்ற ஏழு பேருக்கும் இஷிஹாரா பார்த்து, தேதி போட்டு ஃபைலில் வைத்தாயிற்று.